படகு வரைபடத்தில் இல்லை

கடலுக்குப் போகிறவரிடம் எங்கே போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்று கேட்கக் கூடாது. நாகப்பட்டினத்தில் எங்கள் தெருவில் பிறந்த பெண் பிள்ளைகள் பேசப் பழகும்போதே இதையும் பழகிவிடுவார்கள். கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்பார்கள். கெடுகிறதோ இல்லையோ, கேட்டவளுக்கு வசவு நிச்சயம். சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கு வாயும் நீளம், கோபமும் மூக்கின் மேல் நிற்கும். ஒரு கேள்வி கேட்டதற்கா இத்தனை திட்டு என்று அன்று சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்தேன். யாரும் வந்து கெஞ்சவில்லை. பசி தாங்காமல் நானாகவே எழுந்து போய்ச் சோற்றைப் போட்டுக்கொண்டேன்.

என் அண்ணிக்கு அந்த வாய் கிடையாது. அண்ணன் விசைப்படகு ஓட்டுகிறவர். ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் சில நாள் கழித்துத்தான் கரை திரும்புவார். கரையிலிருந்து கொஞ்ச தூரம் வரைதான் செல்போன் எடுக்கும். அதன் பிறகு அவர் எங்கே, எப்படி இருக்கிறார் என்பது கடலுக்குத்தான் தெரியும். அண்ணி ஒரு தடவைகூட எங்கே என்று கேட்டதில்லை. ஆனால் அண்ணன் கடலில் இருக்கிற நாட்களில் அண்ணி சரியாகத் தூங்கமாட்டார். சுனாமியில் தம்பியைப் பறிகொடுத்தவர் அவர். அன்று காலையில் அந்தப் பையன் கரையில் எந்த இடத்தில் நின்றிருந்தான் என்பதுகூட இன்றுவரை தெரியாது.

அதனால்தான் நான் அந்தக் கருவியை வாங்கினேன். கையகலப் பெட்டி. இருக்கிற இடத்தைச் செயற்கைக்கோள் வழியாக மணிக்கொரு தரம் இரண்டு எண்களாக அனுப்பும். "ஆபத்து அவசரத்துக்கு உதவும்ண்ணே" என்று சொல்லிப் படகை ஓட்டுகிற வீல் ஹவுஸ் அறையின் கூரைமேல் பொருத்தச் சொன்னேன். அண்ணனும் தலையாட்டினார். அந்த எண்களை வாங்கி, கடல் வரைபடத்தின் மேல் ஒரு சிவப்புப் புள்ளியாகக் காட்டும் சின்னப் புரோகிராம் ஒன்றை எழுதினேன். என் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் என்கிற இயங்குதளத்தைப் போட்டு, அண்ணன் வீட்டு டிவி மேஜையில் வைத்தேன். மூடியைத் திறந்தால் போதும், புள்ளி தெரியும். அதே புரோகிராமின் நகல் ஒன்று என் புது லேப்டாப்பிலும் இருந்தது, நான்தான் அதைத் திறந்து பார்ப்பதில்லை.

அண்ணி அதை முதல் நாள் பார்த்தபோது திரைக்கு எதிரிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அரைமணி நேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உங்க அண்ணன்கிட்ட இதச் சொல்லிடாத பாப்பா. பாக்குறதும் கேக்குற மாதிரிதானே?" அண்ணன் கரையில் இருக்கிற நாட்களில் லேப்டாப் மூடப்பட்டு, அதன் மேல் ஒரு துணி விரிக்கப்பட்டிருக்கும். பாப்பா வேலைக்காக வைத்திருக்கிற பெட்டி என்று அவரிடம் சொல்லிவைத்திருந்தார். பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை.

இந்தப் புள்ளிக்குள்ளேதான் என் இன்னொரு வேலை வருகிறது. பகலில் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். அது சோற்றுக்கு. அது போக, ஒரு லினக்ஸ் டிஸ்ட்ரிபியூஷனுக்காக ஒரு லைப்ரரியைப் பராமரிக்கிறேன். ஆயிரக்கணக்கான மென்பொருள்களை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிற மாதிரி கட்டிக் கொடுக்கிற குழு அந்த டிஸ்ட்ரிபியூஷன். உலகம் பூராவும் ஆட்கள், எல்லாரும் ஆசைக்குச் செய்கிறவர்கள். என் வீட்டுக்காரருக்கு இது இன்றுவரை புரியாத புதிர். நன்னிலம் பக்கம் நெல் போடுகிற குடும்பம் அவருடையது, கல்யாணத்துக்குப் பிறகு நானும் அங்கேதான். "கூலி இல்லாம அடுத்தவன் வயல்ல ஏன் களை எடுக்கிற?" என்பார். "நம்ம வயலும் அதுலதாங்க இருக்கு" என்பேன். அவர் சிரித்துக்கொண்டே வயலுக்குப் போய்விடுவார்.

லைப்ரரி என்றால் நூலகம் இல்லை, தானாக எந்த வேலையும் செய்யாத ஒரு மென்பொருள். மற்ற மென்பொருள்கள் அதைக் கூப்பிட்டு வேலை வாங்கும். பூமி உருண்டை, வரைபடம் தட்டை. உருண்டையில் உள்ள ஓர் இடம் தட்டையில் எங்கே விழும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் என்னுடைய லைப்ரரியின் ஒரே வேலை. வரைபடம் காட்டுகிற, நிலம் அளக்கிற, வானிலை சொல்கிற எத்தனையோ மென்பொருள்கள் இதன் தோளில் உட்கார்ந்திருக்கின்றன. இதில் ஒன்று மாறினால் அத்தனை பேருக்கும் ஆட்டம் காணும்.

அந்த வருஷம் லைப்ரரியின் புதிய பதிப்பு வந்தது. பிரித்துப் பார்த்ததும் வேலை பெரிது என்று தெரிந்துவிட்டது. காரணம், அதை எழுதுகிறவர்கள் ஒரு பழைய வழக்கத்தை மாற்றியிருந்தார்கள். பூமியில் ஓர் இடத்தைச் சொல்ல இரண்டு எண்கள் வேண்டும்: வடக்கே எத்தனை டிகிரி, கிழக்கே எத்தனை டிகிரி. எங்கள் கரைக்கு வடக்கே பத்துக்குக் கொஞ்சம் மேலே, கிழக்கே எண்பதுக்குப் பக்கத்தில். பழைய பதிப்புகள் கிழக்கு எண்ணைத்தான் முதலில் கேட்கும். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு அது வசதி. ஆனால் கடலோடுகிறவர்கள் எப்போதும் வடக்கைத்தான் முதலில் சொல்வார்கள். இனிமேல் நாங்களும் அப்படியே என்று புதிய பதிப்பில் மாற்றிவிட்டார்கள். மாற்றியது நியாயம்தான். ஆனால் நான் வடக்கு, நான் கிழக்கு என்று எண்கள் நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு வருவதில்லை. பழைய பழக்கத்தில் கொடுத்தாலும் லைப்ரரி பேசாமல் வாங்கிக்கொள்ளும், பேசாமல் தப்பான இடத்தைச் சொல்லும்.

எனவே வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. கல்யாணப் பத்திரிகை வைக்கிற மாதிரிதான். இந்த லைப்ரரியை நம்பியிருக்கிற ஒவ்வொரு மென்பொருள் பேக்கேஜையும் எடுத்து, புதிய பதிப்போடு சேர்த்துக் கட்டிப் பார்த்தேன். உடைந்தவற்றுக்கெல்லாம் அதை எழுதியவருக்குக் கடிதம் போட்டேன். சிலர் நன்றி சொன்னார்கள். சிலர் பதிலே போடவில்லை. ஒருவர், "எதற்கு இந்த வேண்டாத மாற்றம்?" என்று என்னமோ நானே பூமியைப் பிடித்துத் திருப்பிவிட்ட மாதிரி சண்டைக்கு வந்தார். எனக்கு வந்த கோபத்தில் ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதினேன். எங்கள் குழுவின் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், எங்கேயோ குளிர் நாட்டுக்காரர், முகம் பார்த்ததில்லை. நான் அனுப்புகிற எதையும் அவர் பார்த்துச் சரி என்றால்தான் உள்ளே போகும். அந்தப் பதிலையும் முதலில் அவருக்குக் காட்டினேன், அவர் எனக்குத் தனியாக ஒரு வரி எழுதினார்: "அனுப்பும் முன் ஒரு தேநீர் குடியுங்கள்." குடித்தேன். பதிலைச் சுருக்கி, மரியாதையாக அனுப்பினேன்.

புதுப்பிக்கிறவர்கள் கண்ணில் படும்படி ஓர் அறிவிப்பும் எழுதிச் சேர்த்தேன். "எண்களின் வரிசை மாறியிருக்கிறது. நீங்களே எழுதிய புரோகிராம்கள் இருந்தால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்." நல்ல, தெளிவான அறிவிப்பு. எழுதி முடித்து நானே இரண்டு தடவை படித்து ரசித்தேன். பிறகு மூத்தவர் சரி என்றார், லைப்ரரியின் புதிய பேக்கேஜ் டிஸ்ட்ரிபியூஷனுக்குள் போயிற்று. புதிய பேக்கேஜ்களை உடனுக்குடன் வாங்கிக்கொள்கிற கணினிகளுக்கெல்லாம் மறுநாள் காலைக்குள் போய்ச் சேர்ந்துவிடும். தலையிலிருந்து நெல் மூட்டையை இறக்கின மாதிரி இருந்தது எனக்கு.

மறுநாள் எங்கள் வயலில் சம்பா நடவு. ஐப்பசி பிறந்துவிட்டது, நாற்றும் வயது ஏறிக்கொண்டிருந்தது, தள்ளிப்போட வழியில்லை. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம், மீனவர்கள் உடனே கரை திரும்ப வேண்டும் என்று காலைச் செய்தியில் சொன்னார்கள். அண்ணன் போய் மூன்று நாலு நாள் இருக்கும். திரும்பியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, நடவு ஆட்களுக்கு டீயும் வடையும் எடுத்துக்கொண்டு வயலுக்கு நடந்தேன். வானம் மூடிக்கொண்டு கிடந்தது. வாடைக் காற்று நாற்றுக் கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தது.

உச்சி வேளைக்குக் கொஞ்சம் முன்னால் வரப்பின் மேல் யாரோ வேகமாக வருவது தெரிந்தது. கிட்டே வந்ததும் பார்த்தால் அண்ணி. புடவையைத் தூக்கிச் செருகியிருந்தார், செருப்பைக் கையில் பிடித்திருந்தார். மறு கையில் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குத் திக்கென்றது. மீனோ கருவாடோ இல்லாமல், வெறுங்கையோடு அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்ததே கிடையாது.

"கொஞ்சம் வீட்டுக்கு வா பாப்பா" என்றார். அவ்வளவுதான். நடவுப் பெண்கள் முன்னால் வேறு எதுவும் பேசவில்லை. நான் சேற்றுக் காலோடு அவர் பின்னால் ஓடினேன்.

வீட்டு வாசலில்தான் வாய் திறந்தார். "புள்ளியக் காணும்."

"என்னது?"

"நேத்து சாயங்காலம் இருந்திச்சு. காலைல எழுந்து பாத்தா இல்ல. என்னமோ எழுதியிருக்கு. 'படகு வரைபடத்தில் இல்லை'ன்னு. உனக்கு போன் போட்டுப் போட்டுப் பாத்தேன், எடுக்கல. ஹார்பர்ல போயிக் கேட்டேன். திரும்பி வந்த போட்டுக்காரங்க யாரும் அவரப் பாக்கலியாம். பஸ் ஏறி வந்துட்டேன்."

படகு வரைபடத்தில் இல்லை. அந்த வாக்கியத்தை எழுதியது நான்தான். ஏதோ ஒரு மத்தியான வேளையில், அப்படியெல்லாம் நடக்கவா போகிறது என்று போகிற போக்கில் எழுதிவைத்தது. அதை ஒரு பொம்பளை விடியற்காலையில் தனியாக உட்கார்ந்து படிப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. சார்ஜில் கிடந்த போனைப் பார்த்தேன். திரை பூரா அண்ணியின் அழைப்புகள்தான். அழைப்பே காதில் விழாதபடி போனை வீட்டில் வைத்துவிட்டுப் போன என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

காற்றுக்குக் கரண்ட் போயிருந்தது. என் லேப்டாப்பில் கொஞ்சம் சார்ஜ் மீதி இருந்தது. இன்டர்நெட்டுக்குப் போன்தான் கதி, வீட்டுக்குள் அதில் அழைப்பு மட்டும் வரும், இன்டர்நெட் எடுக்காது. மொட்டை மாடிக்கு ஏறினோம். தூறல் பிடித்துக்கொண்டது. அண்ணி குடையை விரித்து லேப்டாப்புக்குப் பிடித்தார். நாங்கள் இரண்டு பேரும் நனைந்தோம்.

என் லேப்டாப்பிலும் அதேதான். படகு வரைபடத்தில் இல்லை.

கருவி செத்திருந்தால் வேறு செய்தி வரும், "தகவல் வரவில்லை" என்று. அதையும் நான்தான் எழுதியிருந்தேன். அப்படியானால் கருவி உயிரோடு இருக்கிறது, இடத்தையும் அனுப்புகிறது. ஆனால் அந்த இடம் என் வரைபடத்தில் இல்லை. என் வரைபடமோ பாண்டிச்சேரியிலிருந்து மன்னார் வரைக்கும், கிழக்கே வெகுதூரம் வரைக்கும் உள்ளது. அதையும் தாண்டி அண்ணன் ஏன் போகிறார்? இன்ஜின் நின்றுபோய் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகிறதா? வாடைக் காற்றில் எங்கே கொண்டுபோய் விடும்?  அண்ணியிடம் எதுவும் சொல்லவில்லை. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"கொடையை ஒழுங்காப் பிடிங்க அண்ணி, கீபோர்டுல தண்ணி சொட்டுது!"

பாவம், அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

என் சின்ன வரைபடத்தை எடுத்துவிட்டு, முழு உலக வரைபடத்தைப் போட்டேன். சிக்னலுக்கு ஏற்ப அது துண்டு துண்டாக வந்தது. வங்கக் கடல் வந்தது, அதில் புள்ளி இல்லை. இலங்கை வந்தது, அதைச் சுற்றியும் இல்லை. தெற்கே வெறும் கடல், அங்கேயும் இல்லை.  அரபிக் கடல், ஆப்பிரிக்கா, ஐரோப்பா என்று ஒவ்வொரு துண்டாக வந்து ஒட்டிக்கொண்டது. கடைசியாக உச்சியில் ஒரு வெள்ளைத் துண்டு வந்தது. அதன் நடுவில், பொட்டு வைத்த மாதிரி, சிவப்புப் புள்ளி.

"அந்தா இருக்கு!" என்று கத்தினார் அண்ணி. "அது எந்த ஊரு?"

 "ஊரு இல்ல அண்ணி. நார்வேக்கும் மேல. வட துருவத்துக்குப் பக்கத்துல. பனிக்கடல்."

அண்ணி குனிந்து திரையைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அவ்ளோ தூரத்துக்கு டீசல் போடலியே பாப்பா" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்த முடியாத சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மழையில், பைத்தியக்காரி மாதிரி சிரித்தேன். அண்ணிக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. "என் உசுரு போயிக்கிட்டிருக்கு, உனக்குச் சிரிப்பா இருக்கா?" என்று தோளில் ஓங்கி ஒன்று வைத்தார். அந்த அடியில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. வடக்கே எண்பது, கிழக்கே பத்து. கிழக்கே எண்பது, வடக்கே பத்து.

"அடிப் பாவி" என்றேன், எனக்கு நானே.

உலகத்துக்கெல்லாம் பத்திரிகை வைத்தேன். சண்டைக்கு வந்தவருக்குக்கூட வைத்தேன். என் அண்ணன் வீட்டுக்கு வைக்க மறந்துவிட்டேன். நான் எழுதிய அந்தச் சின்னப் புரோகிராம் எந்த டிஸ்ட்ரிபியூஷனிலும் இல்லை, எங்கள் இரண்டு வீட்டு லேப்டாப்பில் மட்டும் இருக்கிறது. அதனால் என் சோதனையில் அது வரவே இல்லை. அண்ணன் வீட்டு லேப்டாப் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும்படி வைத்தவளும் நான்தான். புதுப்பித்துக்கொண்டது. என் அழகான அறிவிப்பை அந்த வீட்டில் படிக்க யார் இருக்கிறார்கள்?

"அண்ணி, படகுக்கு ஒண்ணும் ஆகல. என் கணக்குதான் தப்பு."

"அப்ப எங்க இருக்காரு?"

அதுதானே கேள்வி. கணக்கு தப்பு என்பதால் அண்ணன் பத்திரம் என்று ஆகிவிடாது. தாழ்வு மண்டலம் கடலில் அப்படியேதான் இருந்தது. பேட்டரி சிவப்புக்கு வந்துவிட்டது. புரோகிராமைத் திறந்து, இரண்டு எண்களையும் இடம் மாற்றிப் போட வேண்டும், அவ்வளவுதான். ஈர விரலில் மூன்று தடவை தப்பாக அடித்தேன். நாலாவது தடவை ஓடியது. உலக வரைபடத்தை மூடிவிட்டு எங்கள் கடலைத் திறந்தேன்.

புள்ளி வந்தது. வேளாங்கண்ணிக்கு நேரே, கரையை நெருங்கிக்கொண்டு. அதன் பின்னால், நேற்று ராத்திரியிலிருந்து வந்த வழி சின்னச் சின்னப் புள்ளிகளாகக் கோர்த்து நின்றது. ஆழத்தில் போய்க்கொண்டிருந்த படகு ஓரிடத்தில் பளிச்சென்று திரும்பி, அங்கிருந்து நேராகக் கரையைப் பார்த்து வந்திருந்தது. கடைசிச் செய்தி சற்று முன்னால் வந்தது.

"இதோ அண்ணி. வந்துக்கிட்டே இருக்கார். சாயங்காலத்துக்குள்ள ஹார்பர்."

அண்ணி குடையை விட்டுவிட்டார். அது காற்றில் உருண்டு மாடியின் கைப்பிடிச் சுவரில் போய் முட்டியது. ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தார். ஒரு விரலை நீட்டிப் புள்ளிக்குக் கிட்டே கொண்டுபோனார். "தொட்டா போயிடாதே?" என்று கேட்டார். போகாது என்றேன். தொட்டார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, சத்தம் போட்டு அழுதார். நானும் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். அந்த நேரத்தில் எனக்கு இருந்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் நெஞ்சு லேசாகிறது. அதற்குள் லேப்டாப் அணைந்துவிட்டது. எங்களுக்கு இனி அது வேண்டியிருக்கவில்லை.

"பசிக்குது பாப்பா" என்றார் அண்ணி கொஞ்சம் கழித்து. காலையிலிருந்து பச்சைத் தண்ணி பல்லில் படவில்லையாம்.

கீழே நடவு ஆட்களுக்குச் சாம்பார் சாதம் செய்து அண்டாவில் வைத்திருந்தது. ஒரு தட்டில் குவித்துப் போட்டுக்கொடுத்தேன். சாப்பிட்டார், இன்னும் கொஞ்சம் என்றார், அதையும் சாப்பிட்டார். மீன் இல்லாத சோற்றை அண்ணி இவ்வளவு ரசித்துச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. என் வீட்டுக்காரர் சேற்றுக் காலோடு வந்து எட்டிப் பார்த்தார். "என்ன, ரெண்டு பேரும் மழையில குளிச்சீங்களா?" என்று கேட்டார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் மேற்கொண்டு கேட்காமல் ஊறுகாய் ஜாடியை அண்ணி பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

அண்ணி கை கழுவிக்கொண்டிருந்தபோது அவர் போன் அடித்தது. வாசலில்தான் குரல் தெளிவாகக் கேட்கும், அங்கே ஓடினார். அண்ணன்தான். செல்போன் எடுக்கிற தூரத்துக்கு வந்துவிட்டார். நான் கதவோரத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

"ஆங், சொல்லுங்க. அப்டியா! இன்னைக்கே வர்றீங்களா? நானா? நம்ம பாப்பா வீட்டுல நடவு, சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். ஆமா ஆமா, சாப்ட்டாச்சு. இங்கயும் தூறுது. சரி, நீங்க பத்தரமா வாங்க, நான் அடுத்த பஸ்ஸுக்குக் கெளம்பிடுறேன்."

அவ்வளவுதான். காலையிலிருந்து பட்ட பாட்டில் ஒரு வார்த்தை கிடையாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உசுரு போயி உசுரு வந்துச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்? என்ன கல் நெஞ்சு உங்களுக்கு!"

"போடி" என்றார் அண்ணி, சிரித்துக்கொண்டே. "கடல்லேருந்து வர்றவருகிட்ட அழுதுக்கிட்டா பேசுறது?" முகத்தை அழுந்தத் துடைத்து, என் சீப்பை வாங்கித் தலை வாரி, கண்ணாடியில் ஒரு தரம் பார்த்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

கரண்ட் வந்ததும் முதல் வேலையாக அண்ணன் வீட்டு லேப்டாப்பை இங்கிருந்தே சரிசெய்தேன். "படகு வரைபடத்தில் இல்லை" என்கிற வாக்கியத்தையும் அழித்துவிட்டு, "கணக்கில் ஏதோ கோளாறு, பாப்பாவைக் கூப்பிடவும்" என்று எழுதினேன். பிறகு பேக்கேஜுக்கு வந்தேன். என்னைப் போல எத்தனை பேர் தங்கள் வீட்டுக்கென்று ஒன்றை எழுதி வைத்துவிட்டு மறந்திருப்பார்களோ! பழைய முறையில் யாராவது லைப்ரரியைக் கூப்பிட்டால் அது வாயை மூடிக்கொண்டு இருக்காமல், எண்களின் வரிசை மாறிவிட்டது என்று சத்தமாக எச்சரிக்கும்படி ஒரு திருத்தம் எழுதி அனுப்பினேன்.

மூத்தவர் கேட்டார்: "நல்ல திருத்தம். எந்த மென்பொருள் உடைந்தது?"

"என் வீட்டு மென்பொருள். என் அண்ணனின் மீன்பிடிப் படகு வட துருவத்துக்குப் போய்விட்டது" என்று எழுதினேன்.

எப்போதும் மறுநாள் பதில் போடுகிற மனிதர், உடனே ஒரு வரி போட்டார்: "படகில் எல்லோரும் நலமா?"

 நலம், கரை திரும்பிவிட்டார்கள் என்று எழுதினேன். திருத்தம் அன்றே உள்ளே போயிற்று.

தாழ்வு மண்டலம் எங்கள் பக்கம் மழையை மட்டும் கொட்டிவிட்டு வடக்கே நகர்ந்துவிட்டது. நட்ட பயிர் தண்ணீரில் மூழ்காமல் தப்பியது. மழை விட்டதும் அண்ணனும் அண்ணியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள், கூடை நிறைய மீனோடு. அண்ணி அடுப்பங்கரையில் என் வீட்டுக்காரருக்கு மீன் சுத்தம் செய்யச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். நான் அண்ணனோடு மாடிக்கு வந்தேன். பச்சை பிடித்து நின்ற வயலை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கருவி நல்லா வேலை செய்யுதாண்ணே?" என்று சும்மா கேட்டுவைத்தேன்.

"செய்யுது செய்யுது. அது மேல வலையோ துணியோ போட ஒருத்தனையும் விடமாட்டேன். உப்பு படிஞ்சா நானே தொடச்சி விடுவேன்."

"ஆபத்துக்குத்தானே அது? அதுக்கா இவ்வளவு?"

"உங்க அண்ணி பாத்துக்கிட்டு இருப்பால்ல" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு யாருண்ணே சொன்னா?"

"யாரு சொல்லணும்? நான் வீட்டுக்குப் போறப்பல்லாம் அந்தப் பெட்டிய மூடித் துணி போட்டு வச்சிருப்பா. ஒரு நாளு சும்மா கை வச்சுப் பாத்தேன். சூடா இருந்திச்சு. ஒவ்வொரு தடவையும் சூடாத்தான் இருக்கு." வயலைப் பார்த்தபடியே சிரித்தார். "அன்னைக்குக் காத்து கெளம்புனப்போ மத்த போட்டுக்காரங்க இன்னும் ஒரு வலை இழுத்துட்டுப் போலாம்னாங்க. எனக்கும் ஆசைதான், நல்ல மீன்பாடு. ஆனா நான் திரும்பலன்னா அவளுக்குத் தெரிஞ்சிடுமே. அவ பாத்துக்கிட்டே இருப்பாளேன்னு திரும்பிட்டேன்."

அன்று காலையில் அண்ணி பார்த்துக்கொண்டிருந்த திரையில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியும். அதை அண்ணனிடம் சொல்ல வாயெடுத்தேன். அடுப்பங்கரையிலிருந்து அண்ணி குரல் கொடுத்தார், "அங்க என்ன ரகசியம் பேசுறீங்க ரெண்டு பேரும்?"

"ஒண்ணுமில்ல, நடவப் பத்தி" என்று அண்ணன் கீழே பார்த்துச் சொன்னார். பிறகு என் பக்கம் குனிந்து, "அவகிட்ட சொல்லிடாத பாப்பா" என்றார்.